புளோரன்ஸ் நடைச்சுற்று: எத்தனை இடம் காட்டுகிறார்கள் என்பதை விட எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

வழிநடை எழுதியது:

இத்தாலி போகிறவர்கள் இங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி, புளோரன்ஸில் கைடு வைத்துக்கொள்ளலாமா, நாமே சுற்றலாமா என்பது. நாங்கள் மூன்று பேர், நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், போன மாதம் நான்கு நாள் அங்கே இருந்தோம். இரண்டு நடைச்சுற்று போனோம், இரண்டும் வேறு வேறு ஆட்கள் நடத்தியது. முதலாவதற்குக் கொடுத்த காசு தண்டம். இரண்டாவது முடிந்தபோது மகள் கைடிடம் "இன்னும் ஒரு தெரு போகலாமா" என்று கேட்டாள். ஏன் இந்த வித்தியாசம் என்று எழுதிவைத்தால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

முதல் சுற்று, இரண்டரை மணி நேரத்தில் 18 இடம் என்று விளம்பரம். நாங்களும் 18 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். கூடும் இடத்தைக் கண்டுபிடிக்கவே அரைமணி போய்விட்டது, ஏனென்றால் அந்த ஊரில் ஒரே தெருவில் இரண்டு வரிசைக் கதவெண்கள் ஓடும். கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம். இரண்டும் தனித்தனிக் கணக்கு. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் சிவப்பு என்று பொருள். இதை யாரும் சொல்லவில்லை. மொத்தம் முப்பது பேருக்கு மேல். காதில் மாட்டும் கருவி பாதி நேரம் இரைந்தது. ஞானஸ்நானக் கோயிலுக்குச் சிற்பி கிபெர்த்தி 1425இல் தொடங்கி 1452இல் முடித்த கதவு, ஒரு மனிதரின் 27 வருட உழைப்பு, அதற்குக் கிடைத்தது நான்கு நிமிடம். பழைய நகர ஆட்சி மாளிகையான பலாட்சோ வெக்கியோவின் சுவரில் கீறியிருக்கும் ஒரு முகத்தை மைக்கலாஞ்சலோ செதுக்கினார் என்ற செவிவழிக் கதைக்குப் பத்து நிமிடம். கடைசியில் ஒரு தோல் கடைக்குள் கூட்டிப்போய் இருபது நிமிடம் உட்காரவைத்தார்கள். எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது.

இரண்டாவது சுற்று காலை ஏழரைக்கு, ஆறே பேர், மூன்று மணி நேரம், ஐந்து நிறுத்தம் மட்டும். கைடாக வந்த பெண் எங்களை ஊரின் பெரிய கோயிலான துவோமோவின் முன்வாசலுக்குக் கூட்டிப்போகாமல் நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே தரையில் வெள்ளைப் பளிங்கில் ஒரு வட்டம் பதித்திருக்கிறார்கள். எழுத்து எதுவும் கிடையாது, ஜனங்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். அதன் மேல் நின்று அண்ணாந்து பார்க்கச் சொன்னார். குவிமாடத்தின் உச்சியில் ஒரு பொன் உருண்டை தெரியும். சிற்பி வெரோக்கியோவின் பட்டறை செய்து 1471இல் ஏற்றியது. 1600ஆம் ஆண்டு ஜூலையில் இடி விழுந்து அந்த உருண்டை உருண்டு வந்து விழுந்த இடம்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்த வட்டம். நூறு மீட்டருக்கு மேலே இருந்து! மகள் சட்டென்று வட்டத்தை விட்டு நகர்ந்துவிட்டாள். அதற்கு அப்புறம்தான் அவர் குவிமாடத்தைப் பற்றிப் பேசவே தொடங்கினார், அப்போது எங்கள் ஆறு பேருக்கும் கேட்கும் மனம் இருந்தது.

ஆக என் கருத்து இதுதான்: நிறுத்தங்கள் குறைவாக இருக்கும் சுற்றைத் தேடுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பு "ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்" என்று எழுதிக் கேளுங்கள்.

---

ஜன்னலோரம் எழுதியது:

சரியான நேரத்தில் இழை தொடங்கினீர்கள் அண்ணா. செப்டம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மூன்று மணி நேரம் நடப்பது அவரால் முடியுமா? நடுவில் உட்கார இடம் கிடைக்குமா, இல்லை காபிக் கடைக்குள் போய்த்தான் உட்கார வேண்டுமா?

---

திண்ணை எழுதியது:

ஜன்னலோரம், உட்கார இடம் கவலையே வேண்டாம், என் பெயரையே அங்கே பார்ப்பீர்கள். ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பழைய மாளிகை, ஸ்த்ரோட்சி மாளிகை, இரண்டுக்கும் வெளிச்சுவரோடு சேர்த்துக் கல்லில் நீளமாகத் திண்ணை கட்டியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே கட்டியது. பணக்காரர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள், வேலை கேட்டு வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் உட்கார்ந்த இடம், இன்றைக்கும் யார் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும், கையால் தடவிப் பாருங்கள். சுவரில் தலைக்கு மேலே குதிரை கட்டும் இரும்பு வளையங்களும் அப்படியே இருக்கின்றன.

தளம் முழுக்கக் கற்பாளம், சமமாக இருக்காது. அம்மாவுக்கு அடிப்பாகம் தடித்த செருப்பு அல்லது ஷூ வாங்கிக்கொடுங்கள். காபிக் கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை, அதுவும் பெரிய சதுக்கங்களில் நிறையவே கூடும். தண்ணீர்ப் பாட்டில் வாங்க வேண்டாம், சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்றுப் பக்கம் இலவசக் குடிநீர்க் குழாய் இருக்கிறது.

---

ஒருநாள்பயணி எழுதியது:

வழிநடை சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எல்லோருக்கும் நான்கு நாள் கிடைக்காது. நான் ரோமில் இருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போய், இரவு திரும்பியவன். எனக்கு அந்தப் பெரிய கூட்டச் சுற்றுதான் ஒத்துவந்தது. எது எங்கே இருக்கிறது என்று ஊரின் படம் மனதில் பதிந்தது, மதியத்துக்கு மேல் பிடித்த இரண்டு இடத்துக்கு மட்டும் திரும்பிப் போனேன். ஐந்தே இடம் பார்த்துவிட்டு வந்திருந்தால் வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? டேவிட் சிலையைப் பார்க்காமல் புளோரன்ஸ் போய்வந்தேன் என்றா?

---

வழிநடை எழுதியது:

ஒருநாள்பயணி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நேரம் ஒரு பெரிய விஷயம்தான். ஆனால் டேவிட் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்த பிரதி. அசல் 1873 முதல் அக்கடேமியா அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. எங்கள் முதல் சுற்றில் பிரதி என்ற வார்த்தையையே கைடு சொல்லவில்லை, கூட வந்த ஒரு குடும்பம் அசலைப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே ஊருக்குக் கிளம்பியது. 18 இடத்தை ஓடிப் பார்த்தால் இப்படித்தான் ஆகிறது என்பது என் வருத்தம்.

---

ஒருநாள்பயணி எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கைடு பிரதி என்று தெளிவாகச் சொன்னார். அந்தக் கல்லை வேறு சிற்பிகள் தொட்டுவிட்டுக் கைவிட்ட பிறகுதான் மைக்கலாஞ்சலோ 1501இல் எடுத்தார் என்பதையும், சிலை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம் என்பதையும், அது அசலாக நின்ற இடத்திலேயே பிரதி நிற்கிறது என்பதையும் சொன்னார். பலாட்சோ வெக்கியோவின் வாசலில், நகர ஆட்சி நடந்த கட்டடத்தின் முன்னால், திறந்த வெளியில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சிலையை ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்பது புரிகிறது. பிரதிதான், ஆனாலும் அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

---

கொத்தனார்மகன் எழுதியது:

கட்டட வேலையில் இருபது வருடமாக இருப்பவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். புளோரன்ஸில் ஒரே ஒரு விஷயத்துக்குக் காசும் மூச்சும் செலவழிக்க முடியும் என்றால் குவிமாடத்தின் உள்ளே ஏறுங்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் விடுவார்கள்.

பிரச்சினை என்ன என்று முதலில் சொல்கிறேன். கோயில் வேலை 1296இல் ஆரம்பித்தது. நூறு வருடம் தாண்டியும் நடுவில் சுமார் 45 மீட்டர் அகலத்துக்கு ஓட்டையாகத் திறந்து கிடந்தது, எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நாம் ஒரு சின்ன ஆர்ச் போட்டாலும் அடியில் சென்ட்ரிங், அதாவது தாங்கிப் பிடிக்கும் மரச் சட்டம், அடித்துத்தான் போடுவோம். அத்தனை அகலத்துக்கு, அத்தனை உயரத்தில் சென்ட்ரிங் அடிக்கும் மரத்துக்கு எங்கே போவது? புருனெல்லெஸ்கி சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். தட்டான் தொழில் பழகிய மனிதர், அதற்கு முன்பு இவ்வளவு பெரிய கட்டடம் எதுவும் கட்டியதில்லை.

அவர் கட்டியது ஒரு ஓடு அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு. நீங்கள் ஏறும் படிக்கட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் போகிறது. மேலே போகப் போகச் சுவர் உங்கள் தோள்மேல் சாயும், குனிந்துதான் நடக்க வேண்டும். அங்கே ஒரு இடத்தில் நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். கொஞ்சம் செங்கல் படுக்கையாகப் போகும், அப்புறம் ஒரு செங்கல் நெட்டுக்குத்தாக நிற்கும், மறுபடி படுக்கை, மறுபடி நெட்டுக்குத்து. அடுத்த வரியில் அந்த நெட்டுக்குத்துக் கல் கொஞ்சம் தள்ளி வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி சுழன்று மேலே ஏறும், இத்தாலிக்காரர்களும் மீன்முள் என்றுதான் சொல்கிறார்கள். சாந்து இறுகுவதற்கு முன்னால் சாய்வாக வைத்த கல் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்வது அந்த நிற்கும் கல்தான். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் அது தன்னைத் தானே தாங்கும், அதன் மேல் அடுத்த சுற்று. நான் கையை வைத்துப் பார்த்தேன். கொத்தனார் கரண்டி இழுத்த தடம் சாந்தில் அப்படியே இருந்த மாதிரி எனக்குப் பட்டது, அங்கேயே ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் வழி கேட்டார்கள்.

பொருளை மேலே ஏற்ற அவர் செய்த பாரந்தூக்கியும் தனிக் கதை. செக்கு மாடு மாதிரி காளைகள் கீழே சுற்றிவரும். பாரம் ஏறிய பிறகு கயிற்றைக் கீழே இறக்க மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, பல்சக்கரத்தை மாற்றிப் பூட்டினால் மாடு அதே திசையில் சுற்றும்போதே கயிறு இறங்கும். நாற்பது லட்சம் செங்கல்லுக்கு மேல் அதில் ஏறியது என்று கணக்குச் சொல்கிறார்கள். துவோமோ அருங்காட்சியகத்தில் பழைய கப்பிகளும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள், ஏறி இறங்கியபின் அங்கே போங்கள்.

கைடுகள் பலர் "சாரமே இல்லாமல் கட்டினார்" என்று சொல்கிறார்கள், அது தவறு. ஆள் நிற்கச் சாரம் இருந்தது, அதைச் சுவரிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். இல்லாதது தரையில் இருந்து எழும்பும் சென்ட்ரிங்தான்.

---

ஜன்னலோரம் எழுதியது:

படிக்கும்போதே ஏறிய மாதிரி இருக்கிறது அண்ணா. அம்மாவால் 463 படி முடியாது. கீழே இருந்தே பார்க்கக்கூடியதாக என்ன இருக்கிறது?

---

கொத்தனார்மகன் எழுதியது:

கோயிலுக்குள் போக டிக்கெட் இல்லை, வரிசை மட்டும் நீளம். உள்ளே போனதும் திரும்பி, முன்வாசலுக்கு மேலே இருக்கும் கடிகாரத்தை அம்மாவுக்குக் காட்டுங்கள். பாவ்லோ உச்செல்லோ 1443இல் வரைந்த முகம். 24 மணி நேரம் காட்டும், முள் நம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், நாள் கணக்கு சூரியன் மறையும்போது தொடங்கும். இன்றும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், புடவையோ சுடிதாரோ சரியாக இருக்கும்.

---

ஆர்னோக்கரை எழுதியது:

நான் இங்கே படிக்க வந்து நான்காவது வருடம். தினமும் இந்தக் கூட்டங்களைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன், அதனால் சில விஷயம் சேர்க்கிறேன்.

இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் வேண்டும், அடையாள அட்டை வைத்திருப்பார்கள். காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. திங்கட்கிழமை உஃபீட்சி, அக்கடேமியா இரண்டு அருங்காட்சியகமும் மூடியிருக்கும், மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், ஆனால் அன்றைக்குக் கூட்டம் நெரியும்.

பொந்தே வெக்கியோ பாலத்தில் நின்று எல்லாக் கைடும் சொல்லும் கதை, 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் மற்ற எல்லாப் பாலத்தையும் தகர்த்துவிட்டு இதை மட்டும் விட்டார்கள் என்பது. உண்மைதான். ஆனால் சொல்லாமல் விடுவது, பாலத்தை விட்ட கையோடு அதன் இரண்டு முனையிலும் இருந்த பழைய தெருக்களை வெடிவைத்து இடித்து வழியை அடைத்தார்கள். பாலம் 1345இல் கட்டியது, பாலத்தை விட்டு இறங்கியதும் நீங்கள் பார்க்கும் கட்டடங்களில் பல போருக்குப் பிறகு எழுப்பியவை. இறங்கி இருபது அடி நடந்து திரும்பிப் பாருங்கள், சன்னல்களின் வரிசையிலேயே வித்தியாசம் தெரியும். பாலத்தில் முன்பு இறைச்சிக் கடைகள் இருந்தன. 1565இல் மெடிச்சிகள் வெயில் மழை படாமல் அலுவலகத்தில் இருந்து அரண்மனைக்கு நடந்துபோக, கடைகளுக்கு மேலேயே வசாரி என்ற கட்டடக் கலைஞரை வைத்து ஐந்தே மாதத்தில் ஒரு மூடிய நடைபாதை கட்டினார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் மெடிச்சி ஆட்சியாளர் பெர்தினாந்தோ இறைச்சிக் கடைகளை எடுக்கச் சொல்லிப் பொற்கொல்லர்களை வைத்தார். பாலத்தின் தெற்கு முனையில் ஒரு கோபுரம் நிற்கும், மன்னெல்லி குடும்பத்துடையது. அவர்கள் இடிக்க விடவில்லை, அதனால் நடைபாதை அந்தக் கோபுரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. ஆட்சியில் இருப்பவரிடம் மாட்டேன் என்று சொன்னது கல்லிலேயே நிற்கிறது. நடைபாதை 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நெப்டியூனுக்கு முன்னால் தரையில் ஒரு வட்டக் கல் இருக்கிறது. சவொனரோலா என்ற துறவியை 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்த இடம். அதற்கு முந்தைய வருடம் அதே சதுக்கத்தில் அவர் சொல்லித்தான் ஓவியங்களையும் ஆடை அணிகளையும் குவித்து எரித்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அந்தக் கல்லின் மேல் பூ போடுகிறார்கள். நான் இரண்டு முறை பார்த்தேன்.

உஃபீட்சியின் பின்பக்கத் தெருவையும் யாரும் காட்டுவதில்லை. 1993 மே 27 அன்று அங்கே கார் குண்டு வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. அந்த இடத்தில் ஒரு ஆலிவ் மரம் இருக்கிறது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

---

திண்ணை எழுதியது:

ஆர்னோக்கரை, வெள்ளக் கோடுகளைப் பற்றி எழுதுங்கள். நான் போனபோது சுவரில் எங்கெங்கோ பார்த்தேன், கேட்க ஆள் இல்லை.

---

ஆர்னோக்கரை எழுதியது:

அதுதான் நான் நண்பர்கள் வந்தால் முதலில் கூட்டிப்போகும் இடம். வியா தேய் நேரியும் வியா சான் ரெமிஜியோவும் சேரும் முனை, சிஞ்ஞோரியா சதுக்கத்தில் இருந்து ஐந்து நிமிட நடை. சுவரில், உங்கள் தலைக்கு வெகு மேலே, ஆர்னோ ஆற்று வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்ட இரண்டு கல் பதித்திருக்கிறார்கள். ஒன்று 1333 நவம்பர் 4, அதில் ஒரு சின்னக் கை செதுக்கியிருக்கும், விரல் நீர் அலையைக் காட்டும். மற்றது 1966 நவம்பர் 4. அதே தேதி, 633 வருடம் கழித்து. 1966இன் கோடு இன்னும் உயரத்தில் இருக்கிறது, தரையில் இருந்து ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வழிநடை சொன்ன கிபெர்த்தி கதவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1966இல் வெள்ளம் அந்தக் கதவின் பத்துப் பலகையில் ஐந்தைப் பிய்த்துப்போட்டது, சேற்றில் தேடி எடுத்தார்கள். பழுதுபார்த்து முடிந்து அருங்காட்சியகத்தில் வைத்தது 2012இல்தான். வெளியே தெருவில் எல்லோரும் படம் எடுப்பது பிரதி. சாந்தா குரோச்சே கோயிலில் சிமாபுவே வரைந்த பெரிய சிலுவையின் வண்ணம் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விட்டது, மிச்சம் இருப்பதை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள், போனது போனதாகத் தெரியும்படி. தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் நனைந்தன. பல நாட்டில் இருந்து இளைஞர்கள் தாங்களாகவே வந்து, வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைச் சேற்றில் இருந்து வெளியே எடுத்தார்கள். ஊர் அவர்களைச் சேற்றுத் தேவதைகள் என்று கூப்பிடுகிறது. எங்கள் வீட்டுக்காரப் பாட்டி இன்றும் நவம்பர் வந்தால் ஆற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார்.

---

ஒருநாள்பயணி எழுதியது:

இது எனக்கு யாரும் காட்டவில்லை. சதுக்கத்தில் இருந்து ஐந்து நிமிடம்தான் என்கிறீர்கள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

---

வழிநடை எழுதியது:

எங்கள் இரண்டாவது சுற்றின் கடைசி நிறுத்தமே அதுதான். நடுவில் ஓர்சன்மிக்கேலேவில் நின்றோம், அதையும் எழுதிவிடுகிறேன். தானியச் சந்தையாக இருந்து கோயிலான கட்டடம். வெளியே சுற்றிலும் மாடங்கள், ஒவ்வொரு தொழிற்குழுவும் தன் காவல் புனிதருக்குச் சிலை வைத்தது, ஆயுதம் செய்பவர்கள், துணிக்காரர்கள் என்று. வெரோக்கியோ செய்த இயேசு, தோமா சிலைகளின் பிரதி இருக்கும் மாடத்தில், தோமாவின் பாதம் மாடத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சந்தேகத்தோடு தெருவில் இருந்து இப்போதுதான் ஏறி வந்தவர் மாதிரி. உள்ளே தூணில் ஒரு சின்னத் துவாரம், மேல்தளத்தில் சேமித்த தானியம் அதன் வழியாகத்தான் கீழே கொட்டும். கைடு சொல்லாவிட்டால் அதைத் தூணில் ஒரு பழுது என்று நினைத்துக் கடந்திருப்போம்.

---

பழையஏடு எழுதியது:

இந்திய ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆற்றோரமாக மேற்கே போனால் காஷினே பூங்காவின் கடைசியில் ஒரு சிறு மண்டபமும் அதில் ஒரு மார்பளவுச் சிலையும் இருக்கும். கோலாப்பூரின் இளம் அரசர் ராஜாராம், இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870 நவம்பரில் புளோரன்ஸில் இறந்தார். அங்கே அப்போது தகனத்துக்கு வழக்கமில்லை, தனி அனுமதி வாங்கி ஆர்னோவில் முக்னோனே என்ற சிற்றாறு கலக்கும் கரையில் எரித்தார்கள். இரண்டு ஆறு கூடும் இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள். பக்கத்துப் பாலத்துக்கே 'இந்தியரின் பாலம்' என்று பெயர். நடைச்சுற்றில் சேராது, நகர நடுவில் இருந்து தூரம், அரைநாள் ஒதுக்க வேண்டும்.

---

ஜன்னலோரம் எழுதியது:

போய்வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. எட்டு பேர் கொண்ட சுற்று, ஆறு நிறுத்தம், முன்கூட்டியே நேரம் கேட்டு எழுதினேன், கைடு ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று பதில் போட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னதும் வழியை மாற்றி மெடிச்சி மாளிகைத் திண்ணையில் உட்காரவைத்தே பாதிக் கதையைச் சொன்னார். அம்மா விளிம்பைத் தடவிப் பார்த்தார், நான் சொல்லாமலே. கடிகாரத்தைக் காட்டினேன், முள் நகர்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளக் கோட்டுக்குக் கைடு கூட்டிப்போகவில்லை, சுற்று முடிந்ததும் நாங்களே போனோம். மதிய வெயில், பக்கத்தில் ரொட்டிக் கடை வரிசை தெரு முழுக்க அடைத்திருந்தது, யாரும் மேலே பார்க்கவில்லை. அம்மா சுவரோடு ஒட்டி நின்று கையை முழுசாக உயர்த்தினார். 1333இன் கைக்கு அவர் கை பாதி தூரம்கூடப் போகவில்லை. "இதுக்கு மேல தண்ணியா" என்று ஒரு முறை கேட்டார். பிறகு வரிசையில் நின்றிருந்த ஒரு பையன் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் அண்ணாந்து பார்த்தான், பின்னால் இருந்தவரின் தோளைத் தட்டிக் காட்டினான்.